பட்டியலில் இல்லாத அலமேலு

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் பிரிவில் என் இடத்துக்கு வந்த கீர்த்தனா பேசினார்.

"பாய், உங்க பழைய ஸ்கிரிப்டையெல்லாம் புதுசுக்கு மாத்திக்கினு இருக்கோம். ஒண்ணு மட்டும் பாதியில நின்னு ஊர் பேரை டைப் பண்ணச் சொல்லுது. பண்ணாதான் மேல ஓடுது. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. அந்த வரிய எடுத்துடலாமா?"

"கொஞ்ச நாள் டைம் குடும்மா. எழுதி அனுப்பறேன்" என்றேன்.

ரெண்டு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் என் அத்தாவுக்குப் பூட்டுக்கடை. எனக்கு அதில் நாட்டம் இல்லை. டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், விழுப்புரம் போய் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தேன், ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி சீட்டு அடிக்கச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். டவுனில் பெரிய கட்டடமும், சுற்றி நாலைந்து ஊரில் சின்னக் கிளைகளும், கல்வராயன் மலையில் இரண்டு சென்டரும் அதற்கு இருந்தன. கம்ப்யூட்டர்கள் வந்தபோது பலரும் தொடப் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அவ்வளவுதான் என் தகுதி. பதினைந்து வருஷத்தில் அறுபத்தெட்டுக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிற ஆளாகிவிட்டேன்.

ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. எத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் திரை அணைய வேண்டும், எந்தப் பிரிண்டருக்குத் தாள் போக வேண்டும், தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்று எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். என் மேலதிகாரி சுகுணா மேடம் அதை "கம்ப்யூட்டரோட பழக்கவழக்கம்" என்பார். ஒரு மெஷினில் பழக்கத்தை மாற்ற அதன் முன்னால் உட்கார்ந்தால் போதும். அறுபத்தெட்டில் மாற்ற வேண்டுமானால் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். நாம் எழுதி வைக்கும் கட்டளையை அது வலைப்பின்னல் வழியே ஒவ்வொரு மெஷினுக்கும் கொண்டுபோய்ச் சொல்லும். தூங்கிக்கொண்டிருக்கும் மெஷின் எழுந்தவுடன் அதைக் கேட்டுக்கொள்ளும்.

அந்த வேலையில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிநோயாளிக் கூட்டம் வடிந்ததும் ஸ்கிரிப்டை ஓடவிடுவேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். லேப், எக்ஸ்ரே, மருந்துக்கடை, சங்கராபுரம், தியாகதுருகம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சையாக ஒரு எழுத்து விழும். மலை மெஷின்கள் கடைசியில்தான் வரும். மேலே கரண்ட் இருந்தால் டவர் இருக்காது, டவர் இருந்தால் கரண்ட் இருக்காது. அதனால் சில சமயம் ஒரு நாள், ரெண்டு நாள் காத்திருப்பேன். பிறகு ஏதோ ஒரு நேரத்தில், யாரோ தோளைத் தொட்ட மாதிரி, 'மேல் சென்டர்' என்ற பெயர் பச்சையாகும். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மெஷின் எப்போது விழிக்கும், எப்போது திணறும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் பனிக்குள் ஒரு ஜன்னலும் அதற்குள் ஒரு நீல வெளிச்சமும் தெரியும்.

சுகுணா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். குரலே எழும்பாது. எதிரில் நிற்பவர் பதறினால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எந்த மாற்றம் செய்வதானாலும் பழைய எக்ஸ்ரே உறை ஒன்றை எடுத்து அதன் முதுகில் மூன்று கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது, இரண்டாவதில் என்னவாக மாறப்போகிறது, மூன்றாவதில் திரும்பி வர வழி. மூன்றாவது காலியாக இருந்தால் பேனாவை மூடிவிடுவார்.

"போற வழி எல்லாருக்கும் தெரியும் பாய். வர்ற வழி இன்னா?"

அதனால் எந்த மெஷினில் கை வைத்தாலும் பழைய பழக்கத்தை முதலில் ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து வைப்போம். அப்புறம் ஒரு மெஷினில் சோதனை, அப்புறம் ஐந்தில், அப்புறம்தான் பெயர் பெயராக எழுதிய பட்டியலுக்கு. இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை.

மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்த சமயம். ஐப்பசிக் கடைசி. லேபுக்குப் புது மென்பொருள் வந்தது. அதற்குத் தேதி நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில் இருந்தாக வேண்டும். எங்கள் மெஷின்கள் பலவும் வாங்கி வந்தபடியே மாதத்தை முதலில் எழுதிக்கொண்டிருந்தன. யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. திங்கட்கிழமைக்குள் மாற்றிவிட வேண்டும் என்று லேபில் அவசரப்படுத்தினார்கள். மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார்.

நான் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிரதி எடுத்தேன். ஒரு மெஷினில் பார்த்தேன், ஐந்தில் பார்த்தேன். எல்லாம் டவுன் மெஷின்கள். கடைசியில் பட்டியல் எழுத வேண்டிய இடத்தில் சோம்பல் வந்தது. லேப் மெஷின்கள் எத்தனை, ஒவ்வொன்றாக எதற்கு எழுதுவது, எல்லா இடத்திலும் தேதி ஒரே மாதிரி இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். பட்டியலுக்குப் பதில் 'எல்லாம்' என்று போட்டுவிட்டேன்.

ஓடியது. அறுபத்தாறு பச்சை. ரெண்டு நாள் கழித்து மலை மெஷின்கள் இரண்டும் பச்சை. அன்று சாயந்திரம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பிரசவ நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே கர்ப்பிணிகளைக் கீழே அழைத்து வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் தங்க வைப்போம். யாரை எப்போது அழைப்பது என்பதை மேல் சென்டர் மெஷினில் இருந்த ஒரு பழைய புரோகிராம் பட்டியல் போட்டுச் சொல்லும். டவுனில் அதை நிறுத்திப் பல வருஷம். மேலே மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலை, கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வார்டைப் பார்த்துக்கொள்ளும் ராணியக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னா பாய், மலையில புள்ள பெக்கறத நிறுத்திட்டாங்களா? இந்த வாரம் ஒருத்தியும் வரல. கட்டிலுங்க சும்மா கெடக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கையில் டீ இருந்தது நினைவிருக்கிறது. குடித்ததாக நினைவில்லை.

மேல் சென்டர் மெஷினைக் கூப்பிட்டேன். தூக்கத்தில் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் பதிவுகள் ஒரு பிரதி எங்களிடம் வந்து சேரும். அதைத் திறந்து, என் மெஷினில் அழிக்காமல் வைத்திருந்த அந்தப் பழைய புரோகிராமில் பார்த்தேன். பட்டியல் கிட்டத்தட்டக் காலி. என் மெஷினின் தேதி வரிசையைப் பழையபடி மாதம் முதலாகத் திருப்பிவிட்டு மறுபடி திறந்தேன். இல்லாத இடத்தில் நாலு பெயர்கள் வந்து நின்றன.

அந்தப் புரோகிராம் தேதியை வெறும் எண்களாக எழுதி வைத்திருந்தது. டிசம்பர் நாலு என்பது அதில் பன்னிரண்டு, நாலு. மெஷின் மாதத்தை முதலில் படித்த வரைக்கும் சரி. நான் நாளை முதலில் படிக்கச் சொன்னதும் அதுவே ஏப்ரல் பன்னிரண்டு ஆகிவிட்டது. முடிந்துபோன தேதி. பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் மாதம் கிடையாது என்பதால் இருபது, இருபத்தைந்து என்ற தேதிகளை அது தானே சரியாகப் படித்துக்கொண்டது. அதனால்தான் நவம்பர் கடைசி வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாதத்தின் முதல் நாட்களில் பிள்ளை பெற வேண்டியவர்கள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தார்கள்.

மேடத்தின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். முழுதும் கேட்டார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நாலு பேர் பேரும் ஊரும் எழுதுங்க" என்றார். எக்ஸ்ரே உறையைத் தள்ளினார்.

எழுதினேன். மேல் சென்டருக்கு மேடமே போன் போட்டார். மூன்றாவது தடவை கிடைத்தது. போனை எடுத்த நர்ஸ் ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பெயர்களை மெதுவாக, ஒவ்வொன்றாக, ரெண்டு தடவை சொன்னார் மேடம். மூன்று பேர் சென்டருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். நாலாவது பெயர் அலமேலு, வேங்கப்பட்டு. அதைக் கேட்டதும் ஸ்பீக்கரில் ஸ்டெல்லா குறுக்கிட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணு போன வெள்ளிக்கிழமை வந்துது. பட்டியல்ல பேர் இல்லன்னு நான்தான் திருப்பி அனுப்பிச்சேன். இன்னும் நாள் இருக்குது, ஆள் அனுப்பறோம்னு சொன்னேன்."

மேடம் போனை வைத்தார். "வண்டி மேல போவுது. மெஷினையும் கையாலதான் திருப்பணும், நெட்டு இல்ல. யாராச்சும் போகணும்."

"நான் போறேன் மேடம்."

கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோடு ஏற ஆரம்பித்தது. தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று கண்ணாடியில் படிந்துகொண்டே வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் மரங்கள் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்து, நம்மைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போயின. வெள்ளிமலைக்கு அப்பால் ரோட்டோரம் சாமை அறுத்த கொல்லைகள். ஒரு பெண் தலையில் விறகோடு நின்று வண்டிக்கு வழி விட்டாள். பன்னிரண்டு வருஷமாக இந்த மலையோடு தினமும் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாசனை உண்டு, ஈர மண்ணும் எங்கோ எரியும் சருகும் கலந்த வாசனை, என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயம் ஒரு பக்கம் இருக்க, இவ்வளவு அழகான இடத்துக்கு இப்படியா வர வேண்டும் என்றும் இருந்தது.

மேல் சென்டர் ஓட்டுக் கட்டடம். என் மெஷின் ஒரு பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தது. கரண்ட் இருந்தது. அவசரமாகத் துண்டை எடுத்து, பழைய பழக்கத்தின் கோப்பைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி, தேதியைத் திருப்பினேன். ஐந்து நிமிஷ வேலை. திரும்பி வர வழி இருந்தது மெஷினுக்கு. முகம் வீங்க அழுதிருந்த ஸ்டெல்லா, மூன்று பெண்களும் சாயந்திரத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றார். வேங்கப்பட்டிலிருந்து மட்டும் வேறு சேதி. திருப்பி அனுப்பிய அன்றே அலமேலு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். புருஷன் குடகுப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தான்.

நானும் ஸ்டெல்லாவும் கிளம்பினோம். ஓடை வரைக்கும் ஜீப். அதற்கப்புறம் முக்கால் மணி நேர நடை. பலா மரங்களுக்கு நடுவில் நாலு வீடு. அதில் ஒன்றின் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டெல்லா எல்லாம் சொன்னார். வண்டி நிற்கிறது, உடனே வர வேண்டும் என்றார். அலமேலு கத்தியை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நடந்துதான் வந்தேன். பேரு இல்லன்னீங்க. மொத புள்ளையும் இப்பிடித்தான். நேரத்துக்குப் போவ முடியல, செத்துப் பொறந்துச்சு. இந்த வாட்டி நாளெல்லாம் எண்ணிக்கினு சரியா வந்தேன். கம்ப்யூட்டர்ல இல்லன்னு சொல்லிட்டீங்க. இப்ப இருக்குதுன்றீங்க. நாளைக்கு இன்னா சொல்லுவீங்களோ."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. முன்னால் போனேன்.

"அவங்க மேல தப்பு இல்லம்மா. கம்ப்யூட்டர் மேலயும் இல்ல. நான்தான் கீழ உக்காந்துக்கினு ஒண்ணு மாத்தினேன். அதுல உன் பேரு போயிடுச்சு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தூரத்தில் இருக்கும் ஒன்றை அடையாளம் பார்ப்பது போல இருந்தது.

"திருப்பிப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எனக்குக் காட்டுங்க. இருந்தா வரேன்."

அவளுடைய அம்மா ஒரு துணி மூட்டையோடு உள்ளேயிருந்து வந்தார். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த மூட்டை. அலமேலு முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். பத்து எட்டுக்கு ஒரு தடவை இடுப்பில் கை வைத்து நிற்பாள். நாங்களும் நிற்போம். பனி எங்களுக்குக் கீழே இருந்தது. ஓடைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவள் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் எனக்குத் தெரிந்த துஆவை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சென்டருக்கு வந்து சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது.

ஸ்டெல்லா ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார். அலமேலு அதைப் பார்க்காமல் உள்ளே வந்து, கம்ப்யூட்டருக்கு எதிரில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் வரட்டும்" என்றாள்.

மலையில் கரண்ட் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும். மேஜைக்குக் கீழே ஒரு பழைய யு.பி.எஸ். இருந்தது. அதன் பேட்டரி நாலு நிமிஷம் தாங்கும். அந்த மெஷின் முழுசாக விழிக்க மூன்று நிமிஷம் ஆகும். என் கணக்கில் அது எனக்கு நன்றாகத் தெரிந்த மெஷின். பிரிண்டரைக் கழற்றினேன், ஸ்பீக்கரைக் கழற்றினேன், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. இருட்டான அறையில் நீலம் பரவியது. அலமேலு எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லா, அலமேலுவின் அம்மா, டிரைவர் எல்லாரும் பின்னால் நின்றார்கள். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீச்சல் வேகமானது. புரோகிராம் திறந்தது. பட்டியலைத் தட்டினேன்.

மூன்றாவது வரி. அவள் விரலைத் திரையின் மேலேயே வைத்துப் படித்தாள்.

"அலமேலு. கணவர் பேரு வெள்ளையன். வேங்கப்பட்டு."

தேதிக்கு வந்ததும் விரல் நின்றது. "பன்னெண்டு, நாலு. இது இன்னா?"

"டிசம்பர் நாலு" என்றேன்.

"நானும் அதான் எண்ணி வெச்சிருந்தேன்" என்றாள். திரை அணைந்தது.

அவளே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் மாலையே வலி வந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. பெரிய டாக்டரம்மா வெளியே வந்து சுகுணா மேடத்திடம், "மேலேயே இருந்திருந்தா" என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அறிக்கை எழுதினேன். தவறு என்னுடையது, இப்படி நடந்தது, இத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று ஒரு பக்கம். மேடம் படித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை உட்கார வைத்து இருவருமாகத்தான் அந்த வரியை எழுதினோம். இனி 'எல்லாம்' என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் ஸ்கிரிப்ட் கீழ்ப்படியாது. ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் நிற்கும். மாற்றுகிறவர் அந்த ஊரின் பெயரை எழுத்துக்கு எழுத்து டைப் செய்தால்தான் உள்ளே போகும். பெயரை அடிக்க எடுக்கும் அந்த ஐந்தாறு நொடியில் அங்கே யார் இருக்கிறார்கள், அந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை நினைப்பு வரும். வராமலும் போகலாம். வருவதற்கு ஒரு இடமாவது இருக்க வேண்டும் என்றார் மேடம்.

கீர்த்தனா, அதனால் அந்த வரியை எடுக்காதீர்கள். இப்போது நீங்கள் செல்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் சேர்த்தே ஒரே தட்டில் பழக்கத்தை மாற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இன்னும் அவசியம்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது ஒரு சங்கடம் வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் போட்டிருக்கிறேன். ஒரு தடவை கேட்காமல் எடுத்தவன். மறுபடி கேட்காமல் போடுவது சரியில்லை. போன வாரம் வெள்ளிமலை பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வேங்கப்பட்டில் வெயில் அடித்தது. பனியில்லாமல் அந்த மலையை அன்றுதான் பார்த்தேன்.

அலமேலு கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னை முதலில் தெரியவில்லை. சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னாள். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"எழுதிக்கோங்க. எழுத்து தப்பில்லாம எழுதுங்க" என்றாள்.

அப்போது அவள் புருஷன் வெள்ளையன் மண்வெட்டியோடு கொல்லையிலிருந்து வந்தான். அவனை நான் பார்த்ததில்லை. வெளியூர் ஆள் யார் என்பது போல அவளைப் பார்த்தான். உறவுக்காரரைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இவருதான் என் பேரைத் தொலைச்சவரு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கினான்.

"அப்பிடியா. உக்காருங்க பாய், வெயில்ல வந்திருக்கீங்க" என்றான்.